டிஃபன்ஸ் மாரி

செய்தி வந்த காலையில், பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் வீட்டுக் குழாயடியில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். குடத்தைக் குழாய்க்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்த என் மருமகள் கீதா. பிறகு எங்கள் வீட்டில் வாடகைக்கு இருப்பவர்கள். நைட் ஷிப்ட் முடிந்து வந்து, வாய் நிறைய பேஸ்ட் நுரையோடு நின்ற முத்துப்பாண்டி. யூனிஃபார்மை அலசிக்கொண்டிருந்த இசக்கி. கம்பெனி பஸ் வரவில்லை என்று வாசலுக்கும் குழாயடிக்கும் நடந்துகொண்டிருந்த ஜெபா. கீதாவின் போன் அடித்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டு எடுத்தாள். ஏதோ கேட்டாள். பிறகு போனை என் பக்கம் நீட்டினாள். அந்தப் பக்கம் மாரீஸ்வரியின் தங்கை பேச்சியம்மாள்.

"அத்தை, அக்கா விடியக்காலம் போயிட்டா. ஒங்ககிட்டதான் மொதல்ல சொல்லணும்னு சொல்லி வச்சிருந்தா."

முத்துப்பாண்டி வாயிலிருந்த நுரையை விழுங்கிவிட்டு, வெகுநேரம் இருமிக்கொண்டிருந்தான்.

மாரீஸ்வரியை உங்களில் பலருக்கு டிஃபன்ஸ் மாரி என்றால்தான் தெரியும். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கார் கம்பெனியில் பிரஸ் ஷாப்பில் வேலை செய்தாள். எங்கள் வீட்டுப் பின்கட்டில் நாங்கள் வாடகைக்கு விட்டிருக்கும் அறைகளில் மூன்றாவது அறையில், போன வருடம் உடம்புக்கு வந்து ஊருக்குப் போகும்வரை இருந்தாள். இரங்கல் கூட்டத்தில் வாசிக்க அவளைப் பற்றி நான்கு வார்த்தை எழுதித் தரச் சொல்லி முத்துப்பாண்டி கேட்டான். நான் அஞ்சாவதோடு நின்றவள். நான் எழுதியதில் எழுத்துப் பிழையைக் கீதா திருத்தினாள். விஷயத்தில் கை வைக்க விடவில்லை.

அவளிடம் எனக்கு முதலில் பிடித்ததும் பிடிக்காததும் ஒன்றுதான். கேள்வி. வந்த மறுநாளே, "ஏன் அத்தை, வீட்டை ஏன் வூடுங்கீக?" என்றாள். "நீங்க ஏன் வூட்டை வீடுன்றீங்க, அதச் சொல்லு மொதல்ல" என்றேன். அதற்கு அவள் கோபப்படவில்லை. உட்கார்ந்து யோசித்தாள். அன்று சாயங்காலம் வந்து, "எங்க ஊர்லயும் எங்க பாட்டி வூடுன்னுதான் சொல்லுவாளாம், அம்மைட்ட போன்ல கேட்டேன்" என்றாள். ஒரு வார்த்தைக்காக அவ்வளவு தூரம் போன் போட்டுக் கேட்கிற ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் அம்மனுக்கு யார் பொங்கல் வைப்பார்கள், யார் காப்புக் கட்டுவார்கள், ஏன் கட்டுவார்கள் என்று கேட்டுக் கேட்டு, என் மருமகளுக்குத் தெரியாததெல்லாம் அவளுக்குத் தெரிந்துபோனது.

அந்த அம்மனால்தான் எனக்கு என்கொயரி வந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அந்தக் கார் கம்பெனி நிற்கிற இடத்தில் எங்கள் வகையறா நிலமும் இருந்தது. நிலம் கொடுத்த வீட்டுக்கு ஒரு வேலை என்று, என்னைக் கேன்டீனில் கம்பெனி ரோலிலேயே, நிரந்தர ஆளாகச் சேர்த்துக்கொண்டார்கள். கேன்டீனுக்குப் பின்னால், கம்பி வேலிக்கு உள்பக்கம், எங்கள் எல்லையம்மன் கல் இருக்கிறது. அதை எடுக்கக் கூடாது என்று அப்போதே பேசிவிட்டிருந்தோம். கல்லை விட்டுவிட்டார்கள். ஆனால் வேலி போட்டு, ஊரை வெளியே நிறுத்திவிட்டார்கள். பிறகு அந்தக் கல்லுக்குப் பக்கத்திலேயே ஒரு ஷெட் கட்டி, பெயின்ட்டில் கலக்கும் தின்னர் டிரம்களை அடுக்கினார்கள்.

ஆடி வெள்ளிக்கிழமை. காலை டிஃபன் வேலை முடித்துப் பின்பக்கம் போனேன். கல்லுக்கு முன்னால் தட்டில் கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. கும்பிட்டேன். கண்ணைத் திறந்தால் எதிரே சேஃப்டி ஆபீசர். தின்னர் ஷெட்டுக்குப் பக்கத்தில் நெருப்பு. அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. அதை நான் குறை சொல்லமாட்டேன். அவருக்கு டிரம் தெரிந்தது, எனக்கு அம்மன் தெரிந்தாள்.

கற்பூரம் ஏற்றியது நானில்லை. ஏற்றியது யார் என்று எனக்குத் தெரியும். என் கொழுந்தனின் மகன். அதே கம்பெனியில் மெயின்டனன்ஸ் சூப்பர்வைசர். ஊர் உள்ளே வர முடியாமல் போனதிலிருந்து, வகையறாவுக்காக அவன்தான் வருடாவருடம் யாருக்கும் தெரியாமல் ஏற்றிவிட்டுப் போவான். அவன் பெயரை இப்போது எழுதவில்லை. அன்றைக்கும் நான் சொல்லவில்லை. பெற்ற பிள்ளை போலத் தூக்கி வளர்த்தவன், தானாக வந்து சொல்லுவான் என்று இருந்தேன். அவன் வந்து சொன்னான். "கேன்டீன் அம்மா கற்பூரம் ஏற்றியதை என் கண்ணால் பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். பெரியம்மா என்றுகூட எழுதவில்லை. கேன்டீன் அம்மா.

சார்ஜ் ஷீட் வந்தது. தமிழில்தான் கொடுத்தார்கள். கம்பெனிக்குத் தீ ஆபத்து விளைவித்தேன், வேலையை விட்டு ஏன் நீக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். வேலை போனால் போகட்டும் என்று வீறாப்பாகச் சொல்லலாம். என்னால் சொல்ல முடியவில்லை. ரிட்டயர் ஆகச் சொற்ப காலம்தான் இருந்தது. கம்பெனியைக் கொளுத்தப் பார்த்தவள் என்று பெயர் வாங்கிக்கொண்டு நான் அந்த கேட்டைத் தாண்டி வெளியே வரமாட்டேன் என்று இருந்தேன். என்னை நீக்கிய கையோடு கல்லையும் நீக்கிவிடுவார்கள் என்று வேறு ஊரில் பேச்சு.

தாளின் கடைசியில், விசாரணையில் எனக்காகப் பேச உடன் வேலை செய்யும் ஒருவரை 'பாதுகாப்பு உதவியாளராக' வைத்துக்கொள்ளலாம் என்றிருந்தது.

"கேட்டுல நிக்கிற வாட்ச்மேனையா?" என்றேன்.

மாரி தாளை வாங்கிப் பார்த்தாள். "இல்ல அத்தை. இது டிஃபன்ஸ். ஒங்களுக்கு டிஃபன்ஸா யாரு நிக்கான்னு கேக்குதாக."

இங்கேதான் எங்கள் குழாயடியில் அந்த வார்த்தைக்குப் பெரிய பஞ்சாயத்து நடந்தது. முத்துப்பாண்டி கபடி ஆடுகிறவன். "டிஃபன்ஸ்னா கார்னர்ல நிக்கிறது அக்கா. ரெய்டு வாறவன் காலைப் புடிச்சு இழுத்துப் போடணும்" என்று இசக்கியின் காலைப் பிடித்துக் காட்டினான். இசக்கி விழப்போய், "விடுலே. டிஃபன்ஸ்னா மிலிட்டரிலே. நான் ரெண்டு தடவை ஆளெடுப்புக்கு ஓடியிருக்கேன், எனக்குத் தெரியாதா?" என்றான்.

"ஓடித்தான் இங்க டயர் கம்பெனிக்கு வந்து சேந்தியாக்கும்" என்றாள் ஜெபா.

அந்த நேரம் பார்த்து எங்கள் ஊர் நிலத் தரகர் தண்ணீர் கேட்டு வந்தார். "இன்னா டிஃபன்ஸ் டிஃபன்ஸ்னு பேசிக்கினு கீறீங்க? உங்களுக்கும் நியூஸ் வந்துச்சா? இந்தப் பக்கம் டிஃபன்ஸ் கம்பெனி வருதாம். ஏரிக்கரை மனைக்கு இப்பவே டிமாண்டு" என்றார்.

"எனக்கு வேலை போவப்போவுது, நீ மனை விக்க வந்துட்டியா? தண்ணியக் குடிச்சிட்டுக் கெளம்பு" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். மாரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் கண் அப்படி இப்படிப் போகாமல் நின்றிருந்தது. எங்கள் ஊரில் பெண்ணைப் பெற்றவர்களுக்கு, மாப்பிள்ளையின் ஜாதகத்தைப் பார்க்கும்போது கண் அப்படி நிற்கும். "ஒரே வார்த்தைக்கு இத்தனை சோலியா?" என்றாள். "இது எங்கன பொறந்துச்சுன்னு பாக்கணுமே."

பார்த்தாள். சேஃப்டி ஷூவைக்கூடக் கழற்றாமல் படியில் உட்கார்ந்து போனில் தேடினாள். ஆங்கிலத்தில் வாசித்து, தெரியாததை ஜெபாவிடம் கேட்டு, எனக்குச் சொன்னாள். லத்தீன் என்று ஒரு பழைய பாஷை. அதில் 'அடி' என்பதும், 'அந்தப் பக்கம் போ' என்பதும் சேர்ந்து இந்த வார்த்தை வந்ததாம். வருகிற அடியைத் தள்ளிவிடுவது. அவ்வளவுதான் அதன் பிறப்பு. ராணுவம், வக்கீல், கபடி எல்லாம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை.

"இதைக் கேளுங்க அத்தை. நம்ம கம்பி வேலி இருக்குல்லா, ஃபென்ஸ். அது டிஃபன்ஸோட தலையை வெட்டுன வார்த்தைதானாம். நான் பிரஸ்ல தெனமும் தூக்கிப் போடுத தகடு, கார் முன்சக்கரத்துக்கு மேல வருமே, ஃபென்டர், அதுவும் இதே வகையறா. சேறு, கல்லு தெறிச்சா தள்ளிவிடுதது. அஃபென்ஸ்னா குத்தம். அதுவும் அதே அடியில இருந்துதான். இது மேல போய் அடிக்கிறது, அது வாறதைத் தள்ளுதது."

"அந்த பாஷைய யாரு பேசுறாங்க இப்போ?"

"ஊருல தெருவுல பேசுத ஆளு யாருமில்லையாம். பேசுனவுக எல்லாம் போயிட்டாக. வார்த்தை மட்டும் ஒரகடத்துல ஷிப்ட் பாக்குது."

ஆங்கிலத்தில் அதை ஒரு நாட்டில் ஒரு மாதிரியும் இன்னொரு நாட்டில் வேறு மாதிரியும் எழுதுவார்கள் என்றும் காட்டினாள். "நீங்க வூடு, நாங்க வீடு மாதிரி" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள்.

நான் என் பங்குக்கு எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். நம்மிடம் காப்பு என்று இருக்கிறதே. அம்மன் திருவிழாவில் மஞ்சள் துணியைக் கையில் கட்டுவது காப்பு. குழந்தை காலில் போடுவது காப்பு. கதை சொல்லும் கூத்துக்காரர் முதலில் சாமியை வேண்டிப் பாடுவதும் காப்பு. மாரி பேப்பரை எடுத்து வந்து, "பாருங்க, 'செயின் பறித்தவருக்குக் காப்பு'ன்னு போட்டிருக்கான். போலீசு விலங்கு மாட்டுனாலும் காப்புதான்" என்றாள். திருடனுக்கும் காப்பு, சாமிக்குக் கட்டினாலும் காப்பு. அன்று என் சார்ஜ் ஷீட்டை மறந்துவிட்டு, நாங்கள் இரண்டு பேரும் இருட்டும்வரை இதையே பேசிக்கொண்டிருந்தோம். வேலை போகிற கவலையில் இருந்தவளுக்கு, வேறு யார் அப்படி ஒரு சாயங்காலத்தைத் தந்திருப்பார்கள்?

எனக்கு டிஃபன்ஸாக நிற்கச் சீனியர்கள் யாரும் வரவில்லை. அவரவர்க்கு அவரவர் பயம். மாரி, "நான் வாறேன்" என்று எழுதிக் கொடுத்தாள். அதற்கு முன் அவள் யாருக்கும் நின்றதில்லை. அந்த நேரம் லைன் லீடர் பதவிக்கு அவள் பெயர் போயிருந்தது. என்னிடம் அதைச் சொல்லவே இல்லை. பிறகு வேறு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

விசாரணை அறையை இன்றைக்கும் கண்ணை மூடினால் பார்க்கிறேன். நீள மேஜை. தலைமாட்டில், வெளியிலிருந்து வந்த வக்கீல் ஒருவர், அவர்தான் விசாரிக்கிறவர். இந்தப் பக்கம் சேஃப்டி ஆபீசர். அவருக்குப் பக்கத்தில், ஓடிவந்து கற்பூரத்தை அணைத்த செக்யூரிட்டி. எதிரே நானும் மாரியும். டைப் அடிக்கிற பையன் தமிழில் ஒவ்வொருவரையும் வாசித்தான். சேஃப்டிக்குப் 'பாதுகாப்பு அலுவலர்' என்றான். செக்யூரிட்டிக்குப் 'பாதுகாப்புக் காவலர்' என்றான். மாரிக்குப் 'பாதுகாப்பு உதவியாளர்' என்றான். நான் மாரியின் காதில், "இத்தினி பேரு பாதுகாப்புக்கு இருந்தும் எனக்கு ஏண்டி பயமா கீது?" என்றேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்து ஷூ லேசைக் கட்டினாள். விசாரணை அதிகாரி எங்களை முறைத்தார்.

உள்ளே போகும் முன் நான் அவளிடம் சொல்லியிருந்தேன்: "நான் எழுந்து நின்னு சொல்லிடப் போறேன். ஏத்தினவன் அவன்தான்னு."

"சொல்லாதீக. நீங்க ஒண்ணு சொல்லுவீக, அவன் ஒண்ணு சொல்லுவான். அவன் சூப்பர்வைசர். நான் கேக்குதேன், விடுங்க."

என் கொழுந்தன் மகன் சாட்சி சொல்ல வந்தான். இஸ்திரி போட்ட சட்டை. என் முகத்தைப் பார்க்காமல், சுவரில் இருந்த சேஃப்டி போஸ்டரைப் பார்த்துச் சொன்னான். கேன்டீன் அம்மா ஏற்றினார்கள், நான் பார்த்தேன். மாரி எழுந்தாள். குரல் ஏறவே இல்லை. குழாயடியில் எங்களிடம் கேட்பாளே, அதே மாதிரி, நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்படுகிறவள் மாதிரி கேட்டாள்.

"சார், அந்தக் கல்லு உங்க குடும்பத்துச் சாமியா?"

"ஆமா. எங்க எல்லையம்மா."

"ரொம்ப காலமாவா?"

"எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலருந்து."

"பொங்கல் வைக்கிறது யாரு?"

"பொம்பளைங்க."

"கற்பூரம் காட்டுறதும் பொம்பளைங்கதானா?"

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது எப்டிங்க? எங்க எல்லையம்மாவுக்குப் பொம்பளைங்க கற்பூரம் தொடக் கூடாது. வகையறா ஆம்பளதான் ஏத்தணும். எந்தக் காலத்துலயும் அப்டித்தான்."

சொன்னபிறகுதான் சொன்னது அவனுக்குக் கேட்டது. டைப் பையன் அடித்து முடித்துவிட்டு நிமிர்ந்தான். விசாரணை அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் கம்பெனிக்குள் எங்கள் வகையறா ஆம்பளை ஒரே ஒருத்தன்தான். அது எல்லோருக்கும் தெரியும். மாரி அடுத்து அதைத்தான் கேட்கப்போகிறாள் என்று நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன்.

"அவ்வளவுதான் சார். வேற கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டாள்.

என் மேல் குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்தது. கேன்டீனுக்குத் திரும்பிப் போனேன். அன்று சமைத்த சாம்பாரை எல்லோரும் நன்றாக இருக்கிறது என்றார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் மாரியைப் பிடித்துக்கொண்டேன்.

"இன்னாடி இது? கையில மாட்டினவனை விட்டுட்டியே. இன்னும் ஒரே கேள்வி. அவன் மூஞ்சி கிழிஞ்சிருக்கும்."

"ஒங்க மேல வந்த அடி போயிட்டுல்லா அத்தை?"

"போச்சு."

"அப்ப என் சோலி முடிஞ்சுது. அவனை அடிக்க நான் போகல. அது வேற ஆளு பாக்குத வேலை."

எனக்கு வயிறு எரிந்தது. அதைவிட எரிந்தது அடுத்த மாதம். நான் தப்பித்ததும் கம்பெனி கணக்குப் போட்டு, அவன் மேல் சார்ஜ் ஷீட் போட்டது. நெருப்பு ஏற்றியது ஒன்று, பொய்ச் சாட்சி சொன்னது ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்து, முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு நின்றேன். அவன் என்னைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போனான். மூன்றாவது அறைக் கதவைத் தட்டினான்.

"மாரிக்கா, எனக்கும் நீங்கதான் டிஃபன்ஸ் நிக்கணும்."

அவள் நின்றாள்.

"வெக்கமா இல்ல உனக்கு? என்னைக் கேன்டீன் அம்மான்னு எழுதிக் குடுத்தவன் அவன்" என்று கேட்டேன்.

"அவன் பக்கம் யாரு நிக்கா அத்தை? ஒருத்தரும் இல்ல. ஒங்களுக்கும் அன்னைக்கு ஒருத்தரும் இல்ல."

"நானும் அவனும் ஒண்ணா?"

"இல்ல. நீங்க பண்ணல, அவன் பண்ணுனான். பண்ணாதவுகளுக்கு மட்டும் நிக்கணும்னா, பண்ணலன்னு மொதல்லயே யாரு தீர்ப்பு சொல்லுதா?"

அந்தக் கோபத்தில் அவளோடு பேச்சை நிறுத்தினேன். புரட்டாசியில் நிறுத்தியது, அடுத்த ஆடி வரைக்கும் பேசவில்லை. குழம்பு மட்டும் கீதா கையில் கொடுத்து அனுப்புவேன். பேசாமல் இருப்பது வேறு, பட்டினி போடுவது வேறு. அவள் கிண்ணத்தைக் கழுவித் திருப்பி அனுப்புவாள். உள்ளே ஏதாவது போட்டு அனுப்புவாள், சங்கரன்கோவில் சேவு, கருப்பட்டி மிட்டாய். நான் சாப்பிட்டேன். பேசவில்லை.

அவன் விசாரணையில் நடந்ததை முத்துப்பாண்டிதான் விசாரித்து வந்து சொன்னான். அவன் ஏற்றவில்லை என்று மாரி வாதாடவே இல்லையாம். ஏற்றினார், தப்புதான் என்று முதலிலேயே சொல்லிவிட்டாளாம். பிறகு சேஃப்டி ஆபீசரைப் பார்த்து, "சார், அந்தக் கல்லு முந்தியா, தின்னர் ஷெட்டு முந்தியா?" என்று கேட்டிருக்கிறாள். கல்தான் என்றார். "வெள்ளிக்கிழமை ஊர்க்காரங்க எங்கன கும்பிடணும்னு கம்பெனி சொல்லியிருக்கா?" இல்லை என்றார். அந்த மனுஷன் நேர்மையான ஆள், பொய் சொல்லவில்லை. கொழுந்தன் மகனுக்குச் சம்பளம் இல்லாமல் கொஞ்ச நாள் சஸ்பென்ஷன். வேலை தப்பியது.

அடுத்த வருட ஆடி வெள்ளியில் நடந்ததுதான் உங்களில் பலர் நேரில் பார்த்தது. டிரம்கள் வேறு பக்கம் போய்விட்டன. பின் கேட்டைத் திறந்துவிட்டார்கள். ஊர்ப் பெண்கள் எல்லோர் தலையிலும் மஞ்சள் ஹெல்மெட், புடவைக்கு மேல் பளபளக்கிற ஜாக்கெட். அம்மனுக்கு வலது பக்கம் பூசாரி, இடது பக்கம் சிவப்பு சிலிண்டரைப் பிடித்துக்கொண்டு சேஃப்டி ஆபீசர். கற்பூரம் எரிந்து முடிகிறவரை அவர் குழாயைக் கல்லுக்கு நேராக நீட்டிக்கொண்டே நின்றார். அம்மன் பயந்துவிடப் போகிறாள் என்று நாங்கள் சிரித்தோம். மாரி என் பக்கத்தில் வந்து, "இப்ப சொல்லுங்க அத்தை, இதுல யாருக்கு யாரு டிஃபன்ஸ்? அம்மனுக்கு அவரா, அவருக்கு அம்மனா?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அப்புறம் ஒருவரோடொருவர் பேசாமல் இருக்கவில்லை.

அதற்குப் பிறகு எத்தனையோ பேருக்கு நின்றாள். தூங்கியவனுக்கு, சூப்பர்வைசரைத் திட்டியவனுக்கு, லீவு சொல்லாமல் ஊருக்குப் போய்விட்ட பெண்ணுக்கு. எல்லாவற்றிலும் ஜெயிக்கவில்லை. மேலே இருக்கிறவர்களுக்கு அவளைப் பிடிக்காமல் போனது. ஷிப்டை மாற்றி மாற்றிப் போட்டார்கள். "ஃபென்டர்னா அடிபடத்தான செய்யும்" என்பாள். எனக்கு அந்தப் பேச்சு பிடிக்காது.

ரத்தத்தில் கோளாறு என்று தெரிந்தபோது, அதற்கும் போனில் தேடினாள். நம் ரத்தத்துக்குள்ளேயே வருகிற கிருமியைத் தள்ளிவிடுகிற வெள்ளை அணு இருக்கிறதாம், டாக்டர்கள் அதையும் டிஃபன்ஸ் என்றுதான் சொல்வார்களாம். "எனக்கு அதுதான் அத்தை கெட்டுப்போச்சு. தள்ளிவிட வேண்டியது அதுபாட்டுக்குப் பெருகி நிக்குது" என்றாள். ஏதோ மிஷினில் வந்த ரிப்பேரைச் சொல்கிற மாதிரி சொன்னாள். அப்போதும் அவளுக்கு வார்த்தை மேல்தான் ஆசை. ஊருக்குப் போகும் அன்று, "அவன்ட்ட பேசுங்க. மன்னிக்கச் சொல்லல, பேசச் சொல்லுதேன்" என்றாள். பார்க்கலாம் என்றேன்.

செய்தி வந்த அன்று வேன் பிடித்தோம். ஏறும் முன் நானே அவனுக்குப் போன் போட்டேன். அவள் சொன்னாளே என்று போட்டேன். "வரேன் பெரிம்மா, தண்டலத்துல நில்லுங்க, ஏறிக்கிறேன்" என்றான். தண்டலத்தில் நின்றோம். டிரைவர் இரண்டு தரம் டீ குடித்தான். அவன் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. சங்கரன்கோவில் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்காகத்தான் காத்திருந்தார்கள். அவள் நெற்றியில் நான் திருநீறு வைத்தேன். பேச்சியம்மாள், "அக்கா கேஸ் பாத்துக் குடுத்தாளே, அந்த சார் வரலையா அத்தை?" என்று கேட்டாள்.

மாரியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்று உண்டு. யாராவது எதிரில் இல்லாத ஒருவரைப் பற்றிக் குறை சொன்னால், முன்பெல்லாம் நானும் சேர்ந்து இரண்டு சொல்வேன். இப்போது, "அவங்க பக்கம் யாரு பேசறது?" என்று கேட்கிறேன். கீதாவுக்கு இது பெரிய தொல்லை. என் குணம் மாறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். கேட்டுவிட்டுத்தான் கோபப்படுகிறேன், அவ்வளவுதான்.

அதனால் அவன் பக்கத்தையும் கேட்டேன். கருமாதி முடிந்து வந்ததும் அவன் வீட்டுக்கு நானே போனேன். குழந்தைக்குக் காய்ச்சலா என்றேன். இல்லை. லீவு தரவில்லையா? அன்று வீக் ஆஃப் என்றான். வண்டி ரிப்பேரா? தலையைக் குனிந்துகொண்டான்.

"நீங்க போற வேன்ல சார்ஜ் ஷீட் வாங்கினவங்க, டிஸ்மிஸ் ஆனவங்கல்லாம் ஏறுவாங்க பெரிம்மா. போட்டோ எடுத்து குரூப்ல போடுவாங்க. எனக்கு இப்ப அசிஸ்டென்ட் மேனேஜருக்குப் பேரு போயிருக்குது. மேல இருக்கறவங்க பாத்தா இன்னா நெனப்பாங்க?"

"வேற ஏதாவது சொல்றதுக்கு இருக்குதா உன் பக்கம்?"

"இல்ல பெரிம்மா."

அவன் மனைவி காபி கொண்டுவந்தாள். குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

என்னைக் கேன்டீன் அம்மா என்று எழுதிக் கொடுத்ததை மாரி முகத்துக்காக விட்டுவிட்டேன். அது என் மேல் விழுந்தது, நான் விடலாம். அவனுக்கென்று யாருமே இல்லாதபோது வந்து நின்றவள், கடைசியாகக் கிடந்த இடத்துக்கு அவன் வரவில்லை. அதை நான் மன்னிக்கமாட்டேன். அவன் பெயர் தயாளன்.